குடியை விடுதலும் கூட்டு ஜாமீனும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டங்களில் வாசித்து ஆலோசிப்பதற்குரிய பாடம்)

கிராமக் கூட்டுறவு சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும்பொழுது, தவணை தவறிய கடன்களுக்குப் பல காரணங்கள் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மழையின்மை, மாடு இறந்துபோதல், கலியாணச் செலவு, விளைபொருளின் விலை வீழ்ச்சி என்பவை எழுதப்பட்டிருக்கும். குடி என்னும் காரணம் மட்டும் எழுதப்படுவதில்லை. ஆயினும் பஞ்சாயத்தார் அனைவருக்கும் அது தெரிந்ததே. கடன்பட்டவர் கூட்டத்திற்கு வருவதை நிறுத்தியிருப்பார். வழியில் எவரேனும் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். ஜாமீன் கையெழுத்திட்டவரோ அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். நாளடைவில் சங்கத்துக்கும் அவருக்கும் நோட்டீசு ஒன்றைத் தவிர வேறு சம்பந்தம் இல்லாமற் போகும்.

ஒருவர் இவ்விதம் தனித்துவிடப்படுவது குடியின் பலன் என்று யாவரும் எண்ணுகின்றனர். பலன் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பலனே பின்னர்க் காரணமாகவும் ஆகின்றது. குடியினால் மனிதர் விலகுகின்றனர். மனிதர் விலகியதனால் குடி வலுக்கின்றது. இந்தச் சுழலை எவ்விடத்தில் அறுக்கலாம் என்பதும், அதில் அயலாருக்கும் சங்கத்தாருக்கும் உள்ள பங்கு யாது என்பதும் இப்பாடத்தின் பொருளாகும்.

1. தனி ஜாமீன் போதாமை

இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அக்காலத்துக் கிராம சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்பு என்னும் ஏற்பாட்டின்மேல் அமைந்தவை. ஜெர்மனி தேசத்தில் ரெயிபைசன் என்பவர் கிராமத்து ஏழைகளுக்காக வகுத்த முறை அது. ஒருவர் பட்ட கடனுக்கு எல்லோரும் பொறுப்பாளிகள். நிலமும் நகையும் இல்லாத ஏழைக்கு அயலார் அவரை அறிந்திருப்பதே சொத்தாக அமைந்தது. அயலார் அவருடைய உழைப்பையும் நாணயத்தையும் அறிவர்; அவர் தவறினால் தம்மையும் பாதிக்கும் என்பதனால் அவரைக் கவனித்தும் வருவர். தனி ஒருவரின் வாக்கை நம்பி எவரும் கொடுக்காத பணம், பலர் சேர்ந்த வாக்கின்பேரில் கிடைத்தது.

இனிக் குடியை விட விரும்பும் ஒருவரின் நிலையை நோக்குக. அவர் சத்தியம் செய்யாதவர் அல்லர். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பார். குழந்தையின் தலையில் கைவைத்துச் சொல்லியிருப்பார். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். அவ்வேளையில் அவர் கூறியது பொய்யுமன்று. ஆனால் அந்தச் சத்தியத்திற்கு ஜாமீன்தார் அவர் ஒருவரே. எந்த மனம் நோய்ப்பட்டிருக்கின்றதோ அந்த மனமே ஜாமீனாக நிற்கின்றது. மாலையில் உடல் நடுங்கும்பொழுது கடன்காரரும் அவரே, ஜாமீன்தாரும் அவரே, தவணையைத் தள்ளிவைக்கும் பஞ்சாயத்தாரும் அவரே. இப்படிப்பட்ட பத்திரத்தின்மேல் எந்தச் சங்கமும் கடன் கொடாது.

குடியின் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினால் திருந்துவார் என்று சிலர் எண்ணுவர். நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவாகின்றதென்று வைத்துக்கொண்டால் ஆண்டொன்றுக்கு 54,750 ரூபாய் ஆகின்றது. இக்கணக்கு எளியது. ஆனால் இதனை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் குடிப்பவரே. அறிவில்லாமையால் அவர் குடிக்கவில்லை. ஆதலால் அறிவுரை மட்டும் அவரை மீட்பதில்லை.

2. முதலில் வைத்தியம்

துணையைப் பற்றிக் கூறுமுன் வைத்தியத்தைப் பற்றிக் கூறுதல் அவசியம். நெடுநாள் அதிகமாகக் குடித்தவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிப்போகின்றன. திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திற்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2-ஆம் நாள் முதல் 4-ஆம் நாள் வரையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தோன்றிக் காய்ச்சலும் காணும். கவனிக்காவிடில் உயிருக்கே அபாயம். இதனைப் பேய் பிடித்தது என்று எண்ணிக் கட்டிவைப்பதும், வைராக்கியத்தைச் சோதிக்கிறோம் என்று அறையில் பூட்டிவைப்பதும் கொலைக்கு ஒப்பான தவறுகள்.

ஆகையால் தினமும் மிகுதியாகக் குடிப்பவர் டாக்டரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், உடலில் குறைந்துபோன தயமின் என்னும் பி1 வைட்டமினும் அங்கே கொடுக்கப்படும். அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநோய்ப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரிக்குச் செல்லும் அந்த முதல் பயணத்தில் உடன் செல்லும் அயலாரே முதல் ஜாமீன்தார் ஆவார்.

உடலிலுள்ள விஷம் சில நாட்களில் இறங்கிவிடும். ஆனால் ஆஸ்பத்திரியினின்று திரும்பியவருக்கு அதே தெரு, அதே கடன், அதே மாலைப்பொழுது காத்திருக்கின்றன. மருந்தின் வேலை முடிந்து மனிதரின் வேலை தொடங்கும் இடம் அதுவே.

3. ஆக்ரன் நகரத்து நிகழ்ச்சி

இதனை விளக்குவதற்கு அமெரிக்க தேசத்தில் 1935-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப்போல் வேறொன்று இல்லை.

நியூயார்க் நகரத்தில் வில்லியம் வில்ஸன் என்னும் பங்கு வியாபாரி ஒருவர் இருந்தார். குடியினால் தொழிலை இழந்தார். மனைவி ஒரு கடையில் வேலைசெய்து குடும்பத்தைக் காப்பாற்றி வந்தாள். 1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பழைய குடித்தோழர் ஒருவர் அவரைக் காண வந்தார். வில்ஸன் மதுவை ஊற்றி நீட்ட, வந்தவர் வேண்டாமென்று மறுத்துத் தாம் குடியை விட்ட விதத்தைக் கூறிச் சென்றார். பிரசங்கிமார் பலர் கூறியும் மனத்தில் தையாத விஷயம், தம்மோடு சேர்ந்து குடித்தவர் வாயினின்று வந்தபோது தைத்தது. டிசம்பர் மாதத்தில் வில்ஸன் நான்காம் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அதன்பின் 1971-ஆம் ஆண்டில் இறக்கும் வரையில் அவர் குடிக்கவில்லை.

தாம் பெற்ற விடுதலையைப் பிறருக்கும் கொடுக்க வேண்டுமென்று அவர் பல மாதங்கள் குடிகாரர்களைத் தேடித் திரிந்தார். சிலரை வீட்டிற்கே அழைத்துவந்தார். ஒருவரும் திருந்தவில்லை. அவர் மனம் சோர்ந்தபொழுது அவருடைய மனைவி ஒன்றைச் சுட்டிக்காட்டினாள்: பிறர் திருந்தாவிடினும், அவர்களைத் தேடிச் சென்ற நாட்களில் அவர் குடியாமல் இருந்தார். ஆஸ்பத்திரியின் டாக்டரும் அவரை நோக்கி, பிரசங்கத்தை நிறுத்தி நோயின் தன்மையை முதலில் எடுத்துக்கூறுமாறு யோசனை சொன்னார்.

1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கம்பெனி விவகாரமாக வில்ஸன் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரத்திற்குச் சென்றார். ரப்பர் டயர்கள் செய்யும் ஊர் அது. சென்ற காரியம் தோல்வியுற்றது. கையிலும் பணம் குறைவு. மே 11-ஆம் தேதி சனிக்கிழமை. தங்கியிருந்த ஓட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுச்சாலை. அங்கிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. ஊரில் தெரிந்தவர் ஒருவருமில்லை. உள்ளே சென்று உட்கார்ந்தால் பேச்சுத்துணையேனும் கிடைக்கும் என்ற எண்ணம் தோன்றியது. அந்த எண்ணத்தின் அபாயத்தை உணர்ந்த வில்ஸன், கூடத்தின் மற்றொரு பக்கத்திலிருந்த டெலிபோனை அடைந்து, ஊரிலுள்ள பாதிரியார் ஒருவரைக் கூப்பிட்டார். தம்மைப்போல் குடியினால் வருந்தும் வேறொருவரோடு தாம் பேசவேண்டும் என்பதே அவர் கேட்ட உதவி.

இங்கே அங்கத்தினர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அபாயத்தில் இருந்தவர் வில்ஸன். எனினும் தமக்குப் புத்தி சொல்லும் பெரியவரை அவர் தேடவில்லை. தம்மால் உதவி பெறத்தக்க மற்றொரு நோயாளியைத் தேடினார். ஐந்து மாத அநுபவம் அவருக்குக் கற்பித்தது அதுவே.

பாதிரியார் கொடுத்த பெயர்களின் வழியாக ஹென்ரியெட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரின் அறிமுகம் கிடைத்தது. மறுநாள் மாலை 5 மணிக்கு அவ்வம்மையார் தம் வீட்டிற்கு ராபர்ட் ஸ்மித் என்னும் டாக்டரை வரவழைத்தார். அவர் 55 வயதுள்ள ரண சிகிச்சை நிபுணர். குடியினால் தொழில் கெட்டு நின்றவர். மது உடலை என்ன செய்யும் என்பதை வைத்திய நூல்களால் அறிந்தவர். தெய்வ வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் சென்றவர். இவை எதுவும் அவரை நிறுத்தவில்லை. 15 நிமிஷத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று நிபந்தனை செய்துகொண்டு வந்த டாக்டர், இரவு 11 மணிக்கு மேல் வரையில் இருந்து பேசினார். வில்ஸன் உபதேசம் செய்யவில்லை. தாம் குடித்த விதத்தையும், ஒளித்துவைத்த விதத்தையும், வெட்கத்தையும் கூறினார். நோயைத் தன் உடம்பில் அநுபவித்து அறிந்த ஒருவரோடு பேசியது அதுவே முதல் தடவை என்று டாக்டர் பின்னர் எழுதியிருக்கின்றார்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. ஜூன் மாதத்தில் டாக்டர் ஒரு வைத்திய மகாநாட்டிற்குச் சென்றவர் வழியிலேயே குடிக்கத் தொடங்கி, நினைவிழந்த நிலையில் ஊர் திரும்பினார். அவருடைய மனைவியும், அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்த வில்ஸனும் அவரைக் கைவிடவில்லை, நிந்திக்கவும் இல்லை, பக்கத்திலிருந்து நடுக்கம் தணியும் வரையில் கவனித்தனர். 1935 ஜூன் 10-ஆம் தேதி டாக்டர் கடைசி முறையாகக் குடித்தார். 1950-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காலமாகும் வரையில் மீண்டும் தொடவில்லை.

பின்னர் இருவரும் சேர்ந்து, ஊர் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு வக்கீலைச் சென்று கண்டனர். அவரிடமும் தம் கதையையே கூறினர். அவ்வக்கீல் ஜூலை 4-ஆம் தேதி மனைவியோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினார். அவரும் மீண்டும் குடிக்கவில்லை. 1937-ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கிட்டபொழுது இவ்விதம் மீண்டவர் சுமார் 40 பேர் இருந்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகள், என்று உலகமெங்கும் அறியப்படும் சங்கம் இவ்வாறு தோன்றியது. அதன் தோற்ற நாளாக டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் தேதியே கொள்ளப்படுகின்றது. அச்சங்கத்தில் சேரக் கட்டணமில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பமே போதும். தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

டாக்டர் ஸ்மித் 1939 முதல், இக்னேஷியா என்னும் கன்னிகாஸ்திரீயோடு சேர்ந்து, ஆக்ரன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சுமார் 5,000 குடிநோயாளிகளுக்குக் கூலி பெறாமல் சிகிச்சை செய்தார். 15 நிமிஷம் மட்டும் இருக்க வந்தவர் செய்த வேலை இது.

4. இவற்றினின்று அறியத்தக்கவை

முதலாவது, சமமானவன் சொல்லும் சொல்லே செல்லும். மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்லப்படும் புத்திமதி குடிப்பவரின் வெட்கத்தை அதிகமாக்குகின்றது. வெட்கம் மீண்டும் குடிக்கத் தூண்டுகின்றது.

இரண்டாவது, உதவி பெறுவதைக்காட்டிலும் உதவி செய்வது ஒருவரை அதிகமாகத் தாங்குகின்றது. தம்மால் பிறருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதே நெடுநாள் குடித்தவரின் உள்மனத்து எண்ணம். யாரோ ஒருவர் தம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றார் என்று அறிந்த அன்று அந்த எண்ணம் அசைகின்றது.

மூன்றாவது, உணர்ச்சி மட்டும் போதாது. ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். 1840-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் குடிப்பழக்கமுள்ள ஆறு பேர் கூடி, வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். ஒவ்வொருவரும் தம் அநுபவத்தைக் கூறி மற்றொருவரை அழைத்துவருவதே அவர்கள் முறை. வெகு விரைவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அச்சங்கம் மதுவிலக்குச் சட்டம் பற்றிய வாதங்களிலும் அரசியல் சச்சரவுகளிலும் இழுக்கப்பட்டு, மீண்டவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடுமின்றி மறைந்தது. பிற்காலத்துச் சங்கம் இதனைப் பாடமாகக் கொண்டு, வெளி விவகாரம் எதிலும் கட்சி சேருவதில்லை என்று விதி செய்துகொண்டது.

நான்காவது, இம்முறை பரீட்சிக்கப்பட்டதே. 2020-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் சர்வதேச வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் வாயிலாக, 10,565 பேரைப் பற்றிய 27 ஆராய்ச்சிகள் ஒருங்கு சேர்த்து நோக்கப்பட்டன. மேற்கூறிய சங்கத்தோடு நோயாளியை முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில், ஓராண்டு முடிவில் 100-க்குச் சுமார் 42 பேர் முற்றிலும் குடியாதிருந்தனர். வேறு சிகிச்சைகள் பெற்றவர்களில் இத்தொகை சுமார் 35. இதனால் இம்முறை சர்வரோக நிவாரணி என்பது பெறப்படவில்லை; பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டிற்குள் ஒருமுறையேனும் தவறினர் என்பதும் இதே கணக்கினின்று தெரிகின்றது. ஆனால் விலையில்லாத ஒன்று, விலையுள்ள சிகிச்சைகளுக்குப் பின்னிடாமல் முன்னும் நிற்கின்றது என்பது கிராமத்தார் கருதத்தக்கது.

5. தமிழ்நாட்டு அநுபவம்

சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. பின்னர் வேறு சில ஜில்லாக்களுக்கும் பரவி, யுத்த காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948-இல் மாகாணம் முழுவதும் ஏற்பட்டது. கடைகளை மூடியதோடு காரியம் முடியவில்லை என்பதை அன்றே பலரும் உணர்ந்தனர். வெறுமையான மாலைப்பொழுதை நிரப்புவதற்கு விளையாட்டுகளும் பஜனைகளும் ஏற்பாடாயின. கள் இறக்கும் தொழிலை இழந்தவர்களுக்குப் பனைவெல்லக் கூட்டுறவு சங்கங்கள் ஏற்பட்டன. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் இறுகியது. பின்னர் மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசாங்க ஸ்தாபனமே நடத்தலாயிற்று. கடைகள் மூடுவதும் திறப்பதும் சட்டத்தின் வேலை. ஆனால் கடை மூடியிருந்த ஆண்டுகளிலும் திறந்திருந்த ஆண்டுகளிலும், ஆஸ்பத்திரியினின்று திரும்பிய ஒருவர் அன்று மாலை யாரோடு பேசுவது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

இக்கேள்விக்கு விடை காண முயன்ற ஒரு ஸ்தாபனம் சென்னையிலுள்ளது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ஆம் ஆண்டில் தம் கணவர் டி. டி. ரங்கநாதனின் பெயரால் குடிநோய்க்கான சிகிச்சை ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர இயலாத ஏழைக் கிராமத்தாருக்காக அந்த ஸ்தாபனத்தார் மஞ்சக்குடி என்னும் கிராமத்தில் முகாம்கள் நடத்தினர். அவ்வூர் அக்காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இப்பொழுது திருவாரூர் ஜில்லாவிலுள்ளது. நோயாளிகள் ஒரே இடத்தில் 15 நாட்கள் சேர்ந்து தங்கினர். டாக்டரின் மருந்தோடு, நோயாளிகள் வட்டமாக அமர்ந்து தம் கதைகளைப் பேசுதலும், குடும்பத்தாருக்குத் தனியே ஆலோசனை கூறுதலும் நடைபெற்றன. உள்ளூர்ப் பெரியவர்களின் ஒத்தாசையும், முகாம் முடிந்தபின் தொடர்ந்து கவனிப்பதும் ஏற்பாட்டின் பாகங்களாக இருந்தன. இவ்வநுபவம் 1994-ஆம் ஆண்டில் அடிக்ஷன் என்னும் அன்னியநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையிலும் வெளியாயிற்று. ஊரார் அறியாமல் ரகசியமாகப் பட்டணத்துக்குப் போய்ச் சிகிச்சை பெற்று வருவதைவிட, ஊராரே முன்நின்று செய்வித்த சிகிச்சைக்குப் பின் ஊரில் தலைநிமிர்ந்து நடத்தல் எளிது.

6. சங்கத்தார் செய்யத்தக்கவை

கூட்டுறவு சங்கம் ஆஸ்பத்திரி அன்று. எனினும் அங்கத்தினர் ஒருவர் குடியை விட விரும்பினால் சங்கத்தார் செய்யத்தக்கவை பல உண்டு.

(அ) தக்கவரை அனுப்புதல். பாக்கி கேட்கும் காரியதரிசி இதற்குத் தக்கவர் அல்லர். அவ்வூரிலேயோ அடுத்த ஊரிலேயோ குடியை விட்டுச் சில ஆண்டுகள் கழித்தவர் ஒருவர் இருப்பார். அவரை வேண்டி அழைத்துச் செல்லுதல் நலம். குடித்திருக்கும் வேளையில் பேசுதல் வீண். காலையில், தனியிடத்தில், பேச வேண்டும்.

(ஆ) முறை வைத்து அழைத்தல். குடி முற்றியபின் ஊரார் ஒருவரை ஒருமையில் அழைக்கத் தொடங்குகின்றனர். சிறுவர்களும் பட்டப்பெயர் இடுகின்றனர். அண்ணா, மாமா, சித்தப்பா என்று வயதுக்கும் உறவுக்கும் உரிய முறையில் மீண்டும் அழைப்பது செலவில்லாத சிகிச்சை.

(இ) அபாய வேளைகளில் துணை. விளக்கு வைக்கும் நேரம், சந்தை கூடும் நாள், அறுவடைப் பணம் கைக்கு வரும் நாள், சாவு வீடு, திருவிழா ஆகியவை மிகவும் அபாயமானவை. உதாரணமாக, சந்தையில் மாடு விற்ற ஒருவர் மடியில் பணத்தோடு தனியே வீடு திரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் கடை, கடை வாசலில் பழைய கூட்டாளிகள். நூறு உபதேசங்களைவிட அன்று உடன் நடந்துவரும் ஒரு பங்காளி மேலானவர். அவர் குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வரலாம்.

(ஈ) குறித்த நாளில் கூடுதல். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே இடத்தில், குடியை விட்டவர்களும் விட விரும்புவோரும் ஒரு மணி நேரம் கூடுவதற்குச் சங்கக் கட்டடத்தின் திண்ணையை அளிக்கலாம். அங்கே பேசப்பட்டது டீக்கடைக்குப் போகலாகாது. ரகசியம் ஒருமுறை வெளிப்பட்டால் மறுவாரம் ஒருவரும் வாரார். அக்கூட்டத்தில் தேர்தல், கட்சி, சாதி வழக்குகள் எவையும் எடுக்கப்படலாகாது.

(உ) பொறுப்புக் கொடுத்தல். கூட்டத்திற்குப் பாய் விரித்தல், உர மூட்டைகளை எண்ணி இறக்குதல், அங்கத்தினர்களுக்கு அறிக்கை கொண்டுசெல்லுதல் போன்ற சிறு வேலைகளைக் குடியை விட்டவரிடம் ஒப்புவிக்க வேண்டும். பணப்பெட்டியின் சாவியை முதல் மாதத்திலேயே கொடுத்துப் பரீட்சித்தல் விவேகமன்று. ஓராண்டு கழித்து, புதிதாகக் குடியை விட வரும் ஒருவரைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தலே எல்லாவற்றிலும் மேலான பொறுப்பாகும்.

(ஊ) கடனில் விவேகம். குடியை விட்ட உடனே பெருந்தொகையை ரொக்கமாகக் கொடுத்தல் உதவியாகாது. விதை, உரம் முதலிய பொருள்களாகக் கொடுக்கக்கூடிய பாகத்தை அவ்வாறே கொடுக்கலாம். விளைபொருள் விற்ற பணத்தைச் சேமிப்புக் கணக்கில் செலுத்துவதற்கும், மனைவி அறியச் செலவிடுவதற்கும் அவரே சம்மதித்து ஏற்பாடு செய்துகொள்ளுமாறு யோசனை கூறலாம். அவர் சம்மதமின்றிச் செய்தால் அது கூட்டுறவாகாது, காவலாகும்.

(எ) குடும்பத்தாரைக் கவனித்தல். குடிப்பவரின் மனைவியும் தனித்துவிடப்பட்டவளே. வெட்கத்தால் அவள் அயல்வீட்டுக்குப் போவதில்லை. உறவினர் வீட்டுக் கலியாணங்களுக்கும் செல்வதில்லை. குற்றம் அவள் மேலும் சுமத்தப்படுகின்றது. 1951-ஆம் ஆண்டில் வில்ஸனின் மனைவி லோயிஸ் அம்மையாரும் மற்றொரு தோழியாரும் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்னும் தனிச் சங்கம் அமைத்ததற்குக் காரணம் இதுவே. மாதர் சங்கத்தார் அவளிடம் போய்ப் பேச்சுத்துணையாக இருத்தல் வேண்டும். கணவனைக் காவல்காக்கும் வேலையை அவள்மேல் சுமத்தலாகாது. அவன் அடிப்பவனாயின், அவளுடைய பத்திரமே முதலாவது. பொறுத்துப்போ என்று பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்லுதல் தகாது. குடிநோயில் சிக்கிய ஸ்திரீகளும் உளர். அவர்களுக்கு வெட்கமும் தனிமையும் இருமடங்கு. அவர்களைக் காணச் செல்பவரும் ஸ்திரீயாக இருத்தல் நலம்.

7. தவறி விழுந்தால்

ஆறு மாதம் குடியாதிருந்தவர் ஒருநாள் குடித்துவிட்டார் என்று கேட்டவுடன், இவன் திருந்தமாட்டான் என்று எமக்கு முன்பே தெரியும் என்று சொல்லத் தோன்றும். அவ்வார்த்தையே அவரை மறுநாளும் குடிக்கவைக்கும். ஒரு போகம் பொய்த்ததனால் குடியானவர் நிலத்தைத் தரிசு போட்டுவிடுவதில்லை. ஒரு தவணை தவறியவரைச் சங்கம் உடனே நீக்கிவிடுவதுமில்லை. காரணத்தை விசாரித்து, புதிய தவணை குறித்துக்கொடுக்கின்றது. டாக்டர் ஸ்மித் தவறி விழுந்த ஜூன் மாதத்தில் அவர் வீட்டுக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டிருந்தால் பின்னர் அவர் கையால் சிகிச்சை பெற்ற 5,000 பேரின் கதி யாதாகியிருக்கும்?

ஆயினும் இரக்கம் வேறு, ஏமாறுதல் வேறு. குடிப்பதற்கென்று கேட்கும் கைமாற்றைக் கொடுத்தலும், அவர் செய்த குற்றத்தை மறைத்தலும் துணை அல்ல. கடனைக் கடன் என்றும், தவறைத் தவறு என்றும் கூறிக்கொண்டே கதவைத் திறந்துவைத்தலே துணையாகும்.

மீண்டும் மீண்டும் தவறுபவரும் உண்டு. சங்கத்தார் எவ்வளவு முயன்றும் மீளாதவரும் உண்டு. அதனால் முயற்சி வீணென்று கருதலாகாது. வில்ஸன் முதல் ஐந்து மாதங்களில் தேடிச்சென்ற குடிகாரர்களுள் ஒருவரும் திருந்தவில்லை. எனினும் அந்த ஐந்து மாதங்கள் ஒருவரைக் காப்பாற்றின. அவர் வில்ஸனே.

தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவை அடுத்த முறை பஞ்சாயத்தார் பார்வையிடும்பொழுது, நோட்டீசு அனுப்ப வேண்டிய பெயர்கள் இவை என்று குறித்துக்கொள்வதோடு, நேரில் போய்க் காண வேண்டிய பெயர்கள் இவை என்று மற்றொரு குறிப்பும் எழுதிக்கொள்வார்களாக. இரண்டாவது குறிப்பு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஒரு பெயரே இருந்தாலும் அன்று மாலையே புறப்படலாம்.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. கூட்டு ஜாமீனுக்கும் குடியை விடுவதற்கும் உள்ள ஒற்றுமை யாது?

2. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் வீட்டில் தாமே திடீரென்று நிறுத்துவதில் உள்ள அபாயங்கள் எவை? சங்கத்திற்குச் சமீபமான அரசாங்க ஆஸ்பத்திரி எது? அங்கே உடன் செல்லத்தக்கவர் யார்?

3. ஆக்ரன் நகரத்து ஓட்டலில் வில்ஸன் தமக்கு உதவி செய்பவரைத் தேடாமல், தம்மால் உதவி பெறத்தக்கவரைத் தேடியது ஏன்?

4. கிராமத்தில் குடியை விட்டவருக்கு எந்த நாட்களும் வேளைகளும் அபாயமானவை? அவ்வேளைகளில் துணையாக இருப்பதற்கு யார் யார் முன்வருவர்?

5. சென்ற ஆண்டில் கூட்டத்திற்கு வருவதை நிறுத்திய அங்கத்தினர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரைச் சங்கத்தார் வீட்டிற்குச் சென்று கண்டனர்?